தொட்டியில் வளர்ந்த மீன் ஏரிக்கு வந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே மீனைப் பற்றியவை. கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்கள் ‘டேங்க் கிளீனர்’ என்றும் வலை வீசுபவர்கள் ‘சக்கர் மீன்’ என்றும் சொல்லும் தென் அமெரிக்க மீன் அது. அயல்நாட்டு நன்னீர் மீன் ஒன்றால் நேரக்கூடிய கேட்டை முன்கூட்டியே அளக்க முடியுமா, அளப்பதை நம்பலாமா என்று பலரும் பல கோணங்களில் கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை மட்டும் எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் மீன்பாசிக் குத்தகை எடுத்து, கட்லா, ரோகு விட்டுப் பிடிக்கிறோம். இந்த ஆண்டு வலையை இழுத்தால் பாதிக்குப் பாதி சக்கர் மீன்தான் வருகிறது. அதிகாரிகள் ‘இது அபாயமான அயலினம்’ என்கிறார்கள். கட்லாவும் எங்கள் ஏரிக்கு வெளியூர் மீன்தானே? எதை வைத்து ஒன்றை அபாயம் என்றும் மற்றதை விடலாம் என்றும் சொல்கிறார்கள்?
— ஏரிக் குத்தகைதாரர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: கட்லாவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். பாலாற்றுக்கும் காவிரிக்கும் அவை விருந்தாளிகள்தாம். ஒரு மீன் அயலானதா என்பதை நாட்டின் எல்லைக்கோடு முடிவு செய்வதில்லை, ஆற்றுப்படுகைதான் முடிவு செய்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் பணம் கொடுத்துக் கட்லாவின் விரலளவுக் குஞ்சுகளை வாங்கி விடுகிறீர்கள் அல்லவா? ஓடும் வெள்ளநீர் கிடைத்தால்தான் கட்லா முட்டையிடும். தேங்கிய ஏரியில் அது வளருமே தவிரப் பெருகாது. நாலைந்து ஆண்டுகள் குஞ்சு விடாமல் நிறுத்திவிட்டால் உங்கள் ஏரியில் கட்லா இராது. சக்கர் மீனுக்கோ யாரும் குஞ்சு வாங்கி விடவில்லை, அப்படியிருந்தும் உங்கள் வலையில் பாதியை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. அபாய மதிப்பீடு என்கிற துறை முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

மதிப்பிடுபவர்கள் நான்கு படிகளாகப் பார்ப்பார்கள்: அந்த மீன் இங்கே வந்து சேர வாய்ப்பு எவ்வளவு, வந்தால் வேரூன்றுமா, வேரூன்றினால் பரவுமா, பரவினால் என்ன கேடு செய்யும். இவற்றுக்கும் முன்னால் ஒரு படி உண்டு, பலரும் தாண்டிப்போய்விடுவது அதைத்தான்: கையில் இருப்பது எந்த மீன் என்று சரியாகப் பெயர் சொல்வது. கடைகளில் ‘பிளெக்கோ’ என்ற ஒரே பெயரில் பல இனங்கள் விற்கப்படுகின்றன. அடுத்த முறை வலையில் சிக்கும்போது முதுகுத் துடுப்பை விரித்து அதைத் தாங்கும் கதிர்களை எண்ணிப் பாருங்கள். பத்தோ அதற்கு மேலோ இருந்தால் அது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் என்ற பேரினம். ஏழு மட்டுமே இருந்தால் ஹைப்போஸ்டோமஸ். பிறகு மீனைப் புரட்டி வயிற்றைப் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் அமேசான் படுகையைச் சேர்ந்த பார்டாலிஸ் இனம், புழு நெளிந்தாற்போலக் கோடுகள் இருந்தால் மடெய்ரா ஆற்றுப் படுகையின் டிஸ்ஜங்டிவஸ் இனம். இரண்டும் கலந்த வயிறும் அடிக்கடி கிடைக்கும், ஏனெனில் ஆசிய நாடுகளின் நீர்நிலைகளில் இவை கலப்பினமாகவே பெருகியிருக்கின்றன. பெயரில் தவறினால், வேறொரு மீனின் குணங்களை இதன் தலையில் ஏற்றி மதிப்பெண் போட்டுவிடுவோம்.

இனி நான்கு படிகள். வந்து சேரும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக் கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளில் விரலளவுக் குஞ்சாக விற்கப்படும் இந்த மீன், தொட்டியில் ஒன்றரை அடிவரை வளர்ந்து, வைத்திருக்க இடமில்லாமல் வாளியில் ஏறி, அருகிலிருக்கும் குளத்துக்குப் போய்ச் சேர்கிறது. மனிதர் விடாவிட்டால் வெள்ளம் விடும். 2018ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்தில் வளர்ப்புக் குளங்கள் நிரம்பி வழிந்தபோது, அரபைமா போன்ற ராட்சத மீன்கள்கூட ஆறுகளில் பிடிபட்டன. இமாசலப் பிரதேசத்தில் 1971இல் ஒரு பண்ணையிலிருந்து வெள்ளத்தில் தப்பிய வெள்ளிக் கெண்டை, கோவிந்த சாகர் நீர்த்தேக்கத்தில் வேரூன்றி, அங்கே முன்பு நிறையப் பிடிபட்ட கட்லாவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. பண்ணை வேலி மீனுக்கு வேலியாகாது என்று மதிப்பிடுபவர்கள் முதலிலேயே வைத்துக்கொள்வது இதனால்தான்.

வேரூன்றுவதைக் கேட்டால், சக்கர் மீனுக்கு நம் ஏரிகள் சொந்த வீடு போன்றவை. நீரின் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரிக்கு இறங்கினால்தான் அதற்கு ஆபத்து, செங்கல்பட்டில் அப்படியொரு நாள் வருவதில்லை. ஆக்சிஜன் குறைந்த கோடைக் குட்டையில் மற்ற மீன்கள் வாயைப் பிளந்து மிதக்கும்போது, இது மேலே வந்து காற்றை விழுங்கித் தன் இரைப்பை வழியாகவே மூச்சு வாங்கிக்கொள்ளும். ஓர் ஏரிக்கரையில் நான் பார்த்தது நினைவுக்கு வருகிறது. செவுள் வலையில் சிக்கிய மூன்று சக்கர் மீன்களை விடுவிக்க முடியாமல் ஒரு மீனவர் கத்தியை எடுத்து வலைக்கண்களை அறுத்துக்கொண்டிருந்தார். முதுகு முள்ளும் பக்கத் துடுப்பு முட்களும் விறைத்து நின்றுவிட்டால் வலையைக் கிழிக்காமல் எடுக்க வழியில்லை. அறுத்தவற்றைக் கோபத்தோடு கரையில் எறிந்தார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது மூன்றும் வெயிலில் தோல் காய்ந்து கட்டைபோலக் கிடந்தன. உடன் வந்த சிறுவன் விளையாட்டாக ஒன்றைக் காலால் தள்ளித் தண்ணீரில் விட்டான். அது ஒரு நொடி அசையாமல் கிடந்து, பிறகு வாலை ஆட்டி ஆழத்துக்குப் போய்விட்டது.

பரவுவதற்கு உங்கள் ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலே போதும். நம் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் நீர் கீழ் ஏரிக்குப் போகும், நீரோடு மீனும் போகும். தண்ணீரைச் சேர்த்துவைக்க நம் முன்னோர் செய்த ஏற்பாடு, அயல் மீனுக்கு ராஜபாட்டையாகிவிட்டது.

கேட்டைப் பற்றிச் சொன்னால், முதலாவது கரை. ஆண் மீன் நீர்மட்டத்துக்குக் கீழே கரையைக் குடைந்து, ஒரு மீட்டர் நீளம்வரைகூட வளை தோண்டி, அதற்குள் முட்டைகளைக் காவல் காக்கிறது. மண்கரை ஏரிக்கு இதைவிடக் கெட்ட செய்தி வேண்டுமா? கோடையில் நீர் வற்றும்போது உங்கள் கரையின் உட்சரிவில் வரிசையாக ஓட்டைகள் தெரிந்தால், கையை விட்டு ஆழம் பார்த்துக் குறித்து வையுங்கள், நீர்வளத் துறைக்குக் காட்ட உதவும். அடுத்தது, பாசியையும் அடிச்சேற்றையும் சுரண்டித் தின்பதால், அதே உணவை நம்பியிருக்கும் நம் மீன்களின் பங்கு குறைகிறது. மெக்சிகோவின் இன்ஃபியர்னில்யோ நீர்த்தேக்கத்தில் ஒரு காலத்தில் திலாப்பியா மீன்பிடி பெருந்தொழிலாக இருந்தது. சக்கர் மீன் அங்கே பெருகியபின், வலையில் வருவதில் பெரும்பங்கு விலைபோகாத இதுவே ஆகிவிட்டது. பறவைகளும் தப்பவில்லை. புவேர்த்தோ ரிக்கோவில் இதை விழுங்க முயன்ற கூழைக்கடாக்கள் தொண்டையில் முள் சிக்கி இறந்திருக்கின்றன. வேடந்தாங்கலையும் கரிக்கிலியையும் பக்கத்தில் வைத்திருக்கும் மாவட்டத்துக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: இப்படிப்பட்ட மீன்களுக்குக் கேள்விப் பட்டியல் வைத்து மதிப்பெண் போடும் முறை இருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். ஒருவர் தன் மனம்போல மதிப்பெண் போட்டுவிட முடியாதா? ‘அபாயம்’ என்று சொல்வதற்கான எல்லையை யார் வகுக்கிறார்கள்?
— மீன்வளப் பட்டப்படிப்பு மாணவி, தூத்துக்குடி

பதில்: அந்த முறையின் வேர் மீனில் இல்லை, களையில் இருக்கிறது. ஆஸ்திரேலியா தன் நாட்டுக்குள் வரும் செடிகளில் எது களையாகும் என்று சலித்தெடுக்க 1990களில் 49 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கியது. இங்கிலாந்தின் அரசு நீர்வாழ் ஆய்வு நிறுவனமான செஃபாஸ் அதை நன்னீர் மீன்களுக்கு ஏற்றவாறு மாற்றி ‘ஃபிஸ்க்’ என்று பெயரிட்டது. பிறகு எல்லா நீர்வாழ் உயிர்களுக்கும் பொருந்துமாறு விரித்து 2016இல் வெளியிடப்பட்டதுதான் இன்று பலரும் பயன்படுத்தும் ‘ஏ.எஸ். இஸ்க்’. அதில் 55 கேள்விகள்: முதல் 13 அந்த மீனின் வரலாறும் பரவலும், அடுத்த 36 அதன் உயிரியலும் வாழ்முறையும், கடைசி 6 எதிர்காலத் தட்பவெப்ப மாற்றத்தில் என்ன ஆகும் என்பது.

கேள்விகளைப் படித்துப் பார்த்தால், உலகம் முழுவதும் ஏமாந்தவர்களின் அனுபவம் அதற்குள் இருப்பது தெரியும். ‘நீருக்கு வெளியே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாங்குமா?’ என்று ஒன்று. ‘முட்டையையும் குஞ்சையும் பெற்றோர் காக்குமா?’ என்று ஒன்று. ‘அதை அடக்கும் இயற்கை எதிரி அந்த வட்டாரத்தில் உண்டா?’ என்று ஒன்று. எனக்கு மிகவும் பிடித்தது, ‘வளர்ப்பவர் வெளியே விட்டுவிடத் தூண்டப்படும் அளவுக்கு அதன் உடல் பெருக்குமா?’ என்பது. மீனைப் பற்றிக் கேட்பதுபோல மனிதரைப் பற்றிக் கேட்கும் கேள்வி அது. சக்கர் மீனுக்கு இந்த நான்கிலும் என்ன விடை வரும் என்று மேலே உள்ள பதிலைப் படித்தவர்கள் தாங்களே சொல்லிவிடலாம்.

மனம்போல மதிப்பெண் போட முடியாதா என்கிறீர்கள். ஓரளவு முடியும், மறைக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஒவ்வொரு விடைக்கும் சான்றை எழுதச் சொல்கிறார்கள்; அந்த விடையில் தமக்கு எவ்வளவு உறுதி என்பதையும் குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம் என்று நான்கு நிலைகளில் குறிக்கச் சொல்கிறார்கள். இருவர் அல்லது மூவர் தனித்தனியே போட்டு, பிறகு உட்கார்ந்து வேறுபாடுகளைப் பேசித் தீர்ப்பது நல்ல வழக்கம். ஒரு மாணவி செய்யும் மதிப்பீட்டைப் பார்க்கும்போது நான் மொத்த மதிப்பெண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். எந்தெந்த விடைகளுக்கு எதிரே ‘உறுதி குறைவு’ என்று எழுதியிருக்கிறார் என்பதையே முதலில் தேடுவேன். அந்த மீனைப் பற்றி இனி என்ன ஆராய வேண்டும் என்ற பட்டியல் அங்கே தானாகக் கிடைத்துவிடும்.

எல்லை வகுப்பது சுவையான பகுதி. மதிப்பெண் 1க்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு என்பது பொது விதி. நடுத்தரத்துக்கும் உயர்வுக்கும் இடையிலான கோடு இடத்துக்கு இடம் மாறும். ஃபிஸ்க் முறையை இங்கிலாந்துக்குச் சரிபார்த்தபோது அந்தக் கோடு 19இல் விழுந்தது. அந்த எண்ணை அப்படியே எடுத்துவந்து தாமிரபரணிக்குப் போடக்கூடாது. ஒரு வட்டாரத்துக்குப் பொருந்தும் பல மீன்களுக்கு முதலில் மதிப்பெண் போட்டு, அவற்றில் உண்மையிலேயே ஆக்கிரமித்தவை எவை, ஆக்கிரமிக்காதவை எவை என்று முன்பே தெரிந்த விவரத்தோடு ஒப்பிட்டு, இரண்டு கூட்டத்தையும் எந்த எண் நன்றாகப் பிரிக்கிறதோ அதைக் கோடாக வைக்கிறார்கள். வலைக்கண் அளவைத் தேர்ந்தெடுப்பது போன்றதே இது. கண் சிறிதானால் விடவேண்டிய குஞ்சும் மாட்டும், பெரிதானால் பிடிக்க வேண்டிய மீனும் நழுவும். எந்தத் தவறை நாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று கேட்டுத்தான் கண்ணின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

என் கருத்து என்னவென்றால், இரண்டு தவறுகளும் சமமானவை அல்ல. தீங்கில்லாத ஒரு மீனைத் தவறாகத் தடுத்தால் சில வியாபாரிகளுக்கு நட்டம், அதை அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். தீங்கான மீனைத் தவறாக விட்டுவிட்டால் திருத்த வழியில்லை. இங்கிலாந்தில் சூடோரஸ்போரா என்ற சிறு மீனை ஒழிக்கச் சில தனிக் குளங்களில் ரோட்டினோன் நஞ்சைக் கலந்து, குளம் குளமாகச் செய்துவந்தார்கள். அது குளத்தில் நடக்கும். கொள்ளிடத்தில் நடக்குமா? விடப்படும் அயலினங்களில் பத்தில் ஒன்றுதான் வேரூன்றும், வேரூன்றியதில் பத்தில் ஒன்றுதான் தொல்லையாகும் என்று ஒரு ‘பத்தின் விதி’யைப் பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு அந்த விகிதம் அதைவிட மிக அதிகம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மீனும் முதுகெலும்புள்ளதுதான். எனவே அந்த விதியை நம்பித் துணிய வேண்டாம்.

கேள்வி: எங்கள் நீலகிரியில் நூறாண்டுகளுக்கு மேலாக டிரவுட் மீன் இருக்கிறது. அதுவும் வெளிநாட்டு மீன்தான். அது சமவெளிக்கு இறங்கி யாரையும் ஆக்கிரமிக்கவில்லையே?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: இறங்கினால் செத்துவிடும், காரணம் அவ்வளவுதான். டிரவுட் குளிர்நீர் மீன். முட்டை பொரிக்க இன்னும் குளிர்ந்த நீர் வேண்டும். அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து ஆங்கிலேயர் வளர்த்த அந்த மீனுக்கு, பவானி ஆறு மேட்டுப்பாளையத்தைத் தொடும் இடம் கொதிகலன் போன்றது. ஒரு மீனின் தாயகத் தட்பவெப்பத்தையும் புதிய இடத்தின் தட்பவெப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மதிப்பீட்டில் மிகுந்த எடையுள்ள பகுதி. அதே டிரவுட், உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது. தென் அமெரிக்காவின் டிட்டிகாக்கா ஏரியில் அதை விட்டபின் அங்கே மட்டுமே இருந்த ஓரஸ்டியாஸ் குவியேரி என்ற மீன் அற்றுப்போய்விட்டது.

‘யாரையும் ஆக்கிரமிக்கவில்லை’ என்று நீங்கள் எழுதியதில் மட்டும் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. டிரவுட் விடப்படுவதற்கு முன் நீலகிரியின் உச்சி ஓடைகளில் என்ன இருந்தது என்று யாரும் நிதானமாக எண்ணி வைக்கவில்லை. எண்ணி வைக்காத இடத்தில் இழப்பு எதுவும் கணக்கில் வராது. உதகை ஏரியில் 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சாதாக் கெண்டைக்கும் இதே கதைதான். தட்பவெப்பம் மாறும்போது என்னவாகும் என்ற கடைசி ஆறு கேள்விகளை நீலகிரிக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையான விடை வரும்: டிரவுட்டின் மதிப்பெண் குறையும், சமவெளியிலிருந்து மேலே ஏறக் காத்திருக்கும் வெப்பநீர் மீன்களின் மதிப்பெண் கூடும்.

கேள்வி: ஜிலேபி மீனை எங்கள் வைகைப் பக்கத்தில் மூன்று தலைமுறையாகத் தின்றுவருகிறோம். ஏழைகளின் மீன் அது. அதையும் ஆக்கிரமிப்பு என்று எழுதுவது நியாயமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஆக்கிரமித்தது, சோறும் போட்டது. இரண்டுமே உண்மை. மொசாம்பிக் திலாப்பியா என்ற ஜிலேபி 1952இல் இலங்கையிலிருந்து இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊருக்கு வந்தது. ஏழே ஆண்டுகளில், 1959இல், அதைப் பரப்புவதற்கு நாட்டின் மீன்வள ஆய்வுக் குழு தடை விதித்தது. அதற்குள் தமிழ்நாட்டின் நீர்த்தேக்கங்களுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். ஆண்டில் பலமுறை முட்டையிடும். சிறிய உடலிலேயே பருவமடையும், நெருக்கடியில் இன்னும் சிறிதாகவே பருவமடையும். வைகைக் கரையில் உள்ளங்கையளவு ஜிலேபியைக் கூறு கட்டி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சின்ன உடல்தான் மதிப்பீட்டுத் தாளில் கூடுதல் மதிப்பெண் வாங்கித்தரும் குணம்.

இதே மீனை இலங்கையில் மதிப்பிட்டால் வாதம் வேறு திசையில் போகும். அங்கே உலர் வலயத்துப் பெருங்குளங்கள் மனிதர் கட்டியவை. ஆற்றில் வாழப் பழகிய உள்நாட்டு மீன்கள் அந்த விரிந்த, தேங்கிய நீரை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. அந்த வெற்றிடத்தில் திலாப்பியா நுழைந்து, நாட்டின் உள்நாட்டு மீன்பிடிக்கே முதுகெலும்பாகிவிட்டது. மதிப்பீடு எப்போதும் ‘இந்த மீன், இந்த இடத்தில்’ என்றே இருக்க வேண்டும், மீனுக்கு மட்டும் தனியாக ஒரு முத்திரை குத்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இன்னொரு வேடிக்கை: உலகெங்கும் ஆக்கிரமிப்பாளன் என்று பெயரெடுத்த இந்த மீன், தன் தாயகமான தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளில், அங்கே கொண்டுவந்து விடப்பட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து, தன் இனத்தூய்மையை இழந்து, அழிவின் அச்சுறுத்தலில் இருக்கிறது.

நீங்கள் ஜிலேபி தின்பதில் எந்தத் தவறும் இல்லை. இருக்கிற இடத்தில் பிடித்துத் தின்பது வேறு, இன்னும் போகாத ஒரு மலையோடைக்கோ கோயில் தெப்பத்துக்கோ வாளியில் எடுத்துப்போய் விடுவது வேறு.

கேள்வி: எங்கள் ஊர்ப்பக்கம் பத்தியச் சாப்பாட்டுக்கே விரால் மீன்தான் கொடுப்பார்கள். இங்கே அமெரிக்காவில் அதை உயிரோடு கொண்டுவருவது குற்றம் என்கிறார்கள். விராலில் என்ன அபாயம்?
— வாசகி, வர்ஜீனியா

பதில்: உங்கள் ஊரில் பயத்தைக் கிளப்பியது நம் விரால் இல்லை, அதன் வடக்கத்திய உறவினரான சன்னா ஆர்கஸ். சீனா, கொரியா, ரஷ்யாவின் தூரக் கிழக்கைச் சேர்ந்த மீன் அது. மேரிலாந்தின் கிராஃப்டன் என்ற சிற்றூர்க் குளத்தில் 2002இல் அது பெருகியிருப்பது தெரியவந்தது. ஒருவர் சமையலுக்காக உயிரோடு வாங்கி, தேவை தீர்ந்தபின் குளத்தில் விட்ட இரண்டு மீன்களிலிருந்து தொடங்கிய கதை அது. அந்த ஆண்டே குளத்துக்கு நஞ்சிட்டு ஒழித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் செத்து மிதந்தன. ஆனால் 2004இல் பொட்டோமாக் ஆற்றில் அதே இனம் தென்பட்டது. இன்றுவரை அங்கிருந்து போகவில்லை.

தடையை மட்டும் விரால் குடும்பம் முழுவதற்கும், அப்போது அறியப்பட்டிருந்த 28 இனங்களுக்கும், 2002 அக்டோபரிலேயே சேர்த்துப் போட்டுவிட்டார்கள். குஞ்சைப் பெற்றோர் காப்பது, காற்றைச் சுவாசிப்பது, இரையைத் துரத்தித் தின்பது ஆகியவை எல்லா விராலுக்கும் பொது என்பதால் அப்படிச் செய்தார்கள். நம் வயல் வரப்பின் விரால் மேரிலாந்துப் பனிக்காலத்தில் பிழைக்காது. ஃபுளோரிடாவின் வெப்பத்தில் பிழைக்கும். ஒரே நாட்டுக்குள் இரண்டு விடை வரும்போது பொதுத் தடை போடுவது நிர்வாகத்துக்கு எளிது. குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிவரும் தாய் விராலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது கொஞ்சம் மனத்தாங்கலாக இருக்கலாம். ஆனால் நம் ஏரியில் பாராட்டப்படும் குணங்களே இன்னொருவர் ஆற்றில் பயப்படவேண்டிய குணங்கள் என்பதை மறுக்க முடியவில்லை.

கேள்வி: பிடித்துத் தின்றே தீர்த்துவிட முடியாதா?
— அஞ்சலட்டையில் ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மேரிலாந்துக்காரர்களும் அதைத்தான் நினைக்கிறார்கள். மக்கள் விரும்பி வாங்கட்டும் என்று அந்த வடக்கத்திய விராலுக்கு ‘செசபீக் சன்னா’ என்று 2024இல் புதுப் பெயரே சூட்டிவிட்டார்கள். விராலுக்குச் சதை உண்டு. சக்கர் மீனுக்கு எலும்புத் தகட்டுக் கவசத்தை உடைத்து, தலையை நீக்கிப் பார்த்தால், மிஞ்சுவது வாலடியில் ஒரு கைப்பிடிதான். தீவனத்துக்கும் உரத்துக்கும் அரைக்கலாம். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஒரு மீனுக்குச் சந்தை உருவாகிவிட்டால், அதை ஒழிக்க நினைப்பவர்களைவிட வளர்க்க நினைப்பவர்கள் கூடிவிடுவார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி அரசு தடைசெய்த மீன். அதன் குளங்களை அதிகாரிகள் அழிப்பதும், வேறோர் ஊரில் புதுக் குளம் வெட்டப்படுவதும் நமக்குப் பழகிப்போன செய்திகள். கோழிக் கழிவைத் தின்று சில மாதத்தில் கிலோக்கணக்கில் வளரும் மீனை விடச் சிலருக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் என் மகள் வாங்கிய சக்கர் மீன் இப்போது ஓரடிக்கு மேல் இருக்கிறது. கொல்லவும் மனமில்லை, வைத்திருக்கவும் இடமில்லை. என்ன செய்வது?
— வாசகி, கோவை

பதில்: எழுதிக் கேட்டதற்கு நன்றி. பலர் கேட்காமல் உக்கடம் பெரியகுளம் பக்கம் போய்விடுகிறார்கள். வாங்கிய கடையிலேயே முதலில் கேட்டுப் பாருங்கள். பெரிய மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. பெரிய தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளர்களும் உண்டு. ஒருவரும் கிடைக்காவிட்டால், வலியின்றி முடிக்க வழி இருக்கிறது. கிராம்பு எண்ணெயைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் வாளியில் சிறிது சிறிதாகக் கலந்தால் அது முதலில் மயங்கும். பிறகு அளவைக் கூட்டி, செவுள் அசைவு முழுக்க நின்றபின்னும் நெடுநேரம் அந்த நீரிலேயே விட்டுவையுங்கள். இந்த மீன் செத்ததுபோல நடிப்பதில் கெட்டிக்காரன் என்பதை மேலே படித்தீர்கள். கால்நடை மருத்துவர் ஒருவரின் உதவி கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு தோட்டத்தில் ஆழமாகப் புதைத்துவிடலாம்.

தொட்டியைக் கழுவும் நீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் செடிகளுக்கு ஊற்றுங்கள். நத்தை முட்டையும் நீர்ச்செடித் துணுக்கும் அதில் இருக்கும். அடுத்த முறை மகளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போகும்போது, தொட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த விரலளவுக் குஞ்சைக் காட்டி, ‘இது எவ்வளவு பெரிதாக வளரும்?’ என்று கடைக்காரரை அவளையே கேட்கச் சொல்லுங்கள்.